தாட்சாயணி முடிந்த காசு

நகரி ரயிலடியிலிருந்து நூல் மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றி வருகிற தணிகாசலத்துக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது.

விஷக்காய்ச்சலில் அவர் கிடந்தபோது, அவர் சம்சாரம் தாட்சாயணி மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி விளக்கண்டை வைத்தாள். திருப்பதி உண்டியலில் சேர்க்கிற வரைக்கும் அந்த முடிப்பை அவிழ்க்கக் கூடாது. முனகிக்கொண்டிருந்தவரைப் பேசவைக்க அவள் கேட்டாளாம்: "இதுல ரெண்டே காசு. சேத்தா பன்னெண்டணா. அதுல ஒண்ணு எட்டணா இல்லே. என்னென்ன காசு? எழுந்து உக்காந்து சொல்லு பாக்கலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அதே காய்ச்சலில் அவள் படுத்தாள், எழவில்லை. விடையைச் சொல்லாமலே போய்விட்டாள்.

மூன்று வருஷம் முடிப்பு அப்படியே இருந்தது. மஞ்சள் கிழங்கோடு சேர்த்து உருட்டி முடிந்ததால் தடவினாலும் ஒன்றும் பிடிபடாது. "சாமி காரியத்தத் தள்ளிப் போடாதண்ணா" என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"உண்டியல்ல போட்டுட்டா அவ கேட்டதும் அதோட போச்சுப்பா. தெரிஞ்சுக்கினு போடறேன். எட்டணா இல்லாம ரெண்டு காசுல பன்னெண்டணா எங்கேர்ந்து வரும்? ரெண்டு நாலணா வெச்சாலும் எட்டணாதான்." மாட்டைத் தட்டிக்கொண்டே இதையேதான் சொல்லுவார். எனக்கும் விளங்கவில்லை.

திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து மதராசோடு சேர்ந்த வருஷம் அவருக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது. இனிமேல் படியேற முடியாதோ என்று பயந்து, விடை தெரியாமலே திருப்பதிக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

பாதி மலையில் உட்கார்ந்துவிட்டோம். பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருத்தர் தணிகாசலத்திடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏ ஊரு, பெத்தய்யா?"

"நகரி. பொண்ணக் குடுத்தது திருத்தணியில."

"ரெண்டும் மதராசுக்குப் போயிடுச்சாமே?"

"ரெண்டும் எங்க போச்சு? ஒண்ணுதான் இந்தப் பக்கம் இல்லே. இன்னொண்ணு இங்கியேதான் இருக்குது."

சொல்லிக்கொண்டே எழுந்த தணிகாசலம் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். மாரடைப்போ என்று பயந்து தண்ணிச் செம்பை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஒண்ணுதாம்ப்பா எட்டணா இல்லே. அது நாலணா. இன்னொண்ணு எட்டணா. அவ ஒண்ணுன்னுதானே சொன்னா. நான்தான் ரெண்டுமே இல்லேன்னு வெச்சுக்கினேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து முடிப்பை எடுத்து, "இதுக்காடி மூணு வருஷம்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தூக்கி உடு, போலாம்" என்று கையை நீட்டினார்.

உண்டியல் முன்னால் கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. அவர் நகராமல் நின்று, முடிப்பை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "நாலணா, எட்டணா" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போட்டார்.

இறங்கும்போது படிக்குப் படி கோவிந்தா சொல்லிக்கொண்டு வந்தது நான்தான். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.