துறவி விற்ற சதுரங்கம்

கணவர் ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வேங்கிக்கால் வீட்டில் இருப்பது இரண்டே பேர். பேசுவது அவருடைய செல்போன் மட்டும். அவரை எப்படியாவது என் எதிரில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை இருவரும் செஸ் ஆடினோம். காபி ஆறுவதற்குள் அவருடைய ராஜாவை மடக்கிவிட்டேன். "இதெல்லாம் வேலையத்தவங்க ஆட்டம்" என்று எழுந்து போனவர்தான். இப்போது வேலை இல்லையே, ஆடுவார் என்று நம்பினேன். புத்தி அவ்வளவுதான்.

பழைய சாமான் என்றால் அவருக்கு உயிர். அதனால் இணையத்தில் தேடினேன். நம் ஊரிலிருந்தே ஒரு விளம்பரம்: அந்தக் காலத்து மரச் சதுரங்கம், எல்லாவற்றையும் துறந்துவிட்டதால் விற்பனைக்கு. போட்டிருந்தவர் அடி அண்ணாமலையில் வாடகை வீட்டில் இருக்கும் வெளிநாட்டுச் சாமியார். உலகத்தையே துறந்தவர், விலையில் மட்டும் இம்மி இறங்கவில்லை. ஒரு குதிரைக்குக் காது உடைந்திருக்கிறதே என்றேன். அதுதான் அதன் அழகு என்றார். பிறகு என்னை விசாரிக்க ஆரம்பித்தார்: வீட்டில் யார் யார், வெயில் படுமா, ஜெயிக்கும் வெறி உண்டா? பெண் கொடுப்பவர்கூட இவ்வளவு கேட்கமாட்டார். பெட்டியைக் கொடுக்கும்போது கண் வேறு கலங்கினார்.

கணவர் ஒவ்வொரு காயையும் துண்டால் துடைத்து முகர்ந்து பார்த்தார். "என்னா வேலைப்பாடு பாரு" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் சாமியார் வந்து நின்றார், காய்கள் நலமா என்று பார்க்க. கணவர் "உக்காருங்க சாமி" என்று பலகையை விரித்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆட்டம்தான். சாமி ஜெயிப்பார். வெற்றியும் தோல்வியும் மாயை என்பார், அதையும் ஜெயித்த பிறகுதான் சொல்வார். தோற்ற என் கணவர் வாயெல்லாம் பல்லாக, "சாமி ஆடறதே தியானம் மாதிரி இருக்கு" என்பார். நான் டீ போடுவேன். சாமிக்குச் சர்க்கரை ஜாஸ்தி வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசு கொடுத்து எனக்கே ஒரு சக்களத்தியை வாங்கி வந்திருக்கிறேன், அதுவும் தாடி வைத்த சக்களத்தி.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் வண்டி விடவில்லை என்று சாமி போன் செய்துவிட்டார். கணவர் அடுக்கி வைத்த காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சிப்பாயை நகர்த்தினேன்.

"இப்ப நீங்க ஆடுங்க" என்றேன்.

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"பால் வாங்கணும்ல, மறந்தே போச்சு" என்று கிளம்பிவிட்டார்.

காலையில் வாங்கிய பால் இரண்டு பாக்கெட் பிரிட்ஜில் அப்படியே இருந்தது.