பழமும் பாலும்

சதுரங்கப்பட்டினத்து மடம் ஒன்றில் இரண்டு மாதம் காய் நறுக்கினேன். அங்கே சமையல்காரரின் வலது கை முழுக்கத் தீப்புண் தழும்பு. உப்பு போதுமா என்பதைக்கூட ருசிக்காமல் முகர்ந்தே சொல்லிவிடுவார்.

அந்த மடத்தில் வாழ்ந்து மறைந்த சாமியாரின் வரலாற்றுப் புத்தகத்தை ஒருநாள் சமையல்காரருக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன்.

“அண்ணாத்த, சாமி முப்பது வருசம் வெறும் பழமும் பாலும்தான் சாப்ட்டாராம். அப்போ நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

“பின்னால சாமிக்கு மீன் கொழம்பு வெச்சிகினு இருந்தேன்,” என்று சிரித்தார். “புக்கு எழுத வந்தவன் கேட்டான். நான்தான் பழம், பாலுன்னு சொன்னேன். நெசத்த சொன்னா சாமிய வுட்டுட்டு மீனப் புடிச்சிகினு தொங்குவானுங்க.”

மறுவாரம் குருபூஜை. இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சமாதி முன்னால் புத்தகத்தில் உள்ளபடியே வாழைப்பழமும் பாலும் வைத்தார்கள். தூணைப் பிடித்தபடி நின்ற சமையல்காரரின் முகத்தில் சிரிப்பில்லை.

“வருசா வருசம் பட்டினியா போறாருடா. எல்லாம் நான் சொன்ன ஒரு வார்த்த.”

“உன் வூட்ல வெச்சிப் படையேன்.”

“வூட்டுக்கு எப்பிடிடா வருவாரு? அவருக்குத் தெரிஞ்ச எடம் இதான்.”

மறுநாளே நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். இப்போது எந்தக் கடையில் மீன் குழம்பு ஊற்றினாலும், இந்த வருடமாவது சமையல்காரர் வாயைத் திறந்திருப்பாரா என்று யோசிக்கிறேன்.