அவள் எடுத்த உறை

எண்பதுகளில் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் இளம் டாக்டர். ஈரல் சுருங்கி, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து, ரத்த வாந்தியோடு வருகிறவர்களுக்கு இரண்டு வைத்தியங்களில் எது மேல் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒன்று, ரத்தக்கசிவை அடக்கும் வாசோபிரஸின் மருந்து ட்ரிப் மட்டும். மற்றது அதோடு நாக்கடியில் ஒரு மாத்திரை. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைகளுக்குள் இருக்கும். அடுக்கில் மேலே இருப்பதைத்தான் நாங்கள் பிரிக்க வேண்டும்.

நகரியிலிருந்து ஒரு நெசவாளியைக் கொண்டுவந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி உறைகளையே பார்த்தாள்.

"பூ போட்டுப் பாக்குறீங்களா சார்? எங்க ஊரு கோயில்லயும் வெள்ளைப்பூ, செவப்புப்பூ ரெண்டையும் பொட்டலம் கட்டிப் போட்டுத்தான் சாமிய கேப்போம். வெள்ளை வந்தா நல்லது. நானே எடுக்கறேன் சார்."

மறுத்திருக்க வேண்டும். முட்டாள், உறைகளை நீட்டிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். ட்ரிப் மட்டும் என்றிருந்தது.

ரத்தம் நின்றது. மூன்றாம் நாள் மறுபடி கொட்டியது. அன்று மாலையே போய்விட்டார்.

அவள் அழவில்லை. வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கைதான் சார் அவர துன்னுடுச்சி."

ஆய்வு முடிந்து பார்த்தபோது, மாத்திரை கொடுத்த பக்கத்திலும் ஏறக்குறைய அதே அளவு பேர் செத்திருந்தார்கள். இதை அவளிடம் சொல்ல நகரிக்குப் பஸ் ஏறியிருக்கலாம். நான் போகவில்லை. போய் என்னவென்று சொல்வது? எங்கள் பொட்டலம் எதிலுமே வெள்ளைப்பூ இல்லை என்றா?