சத்தம் போடாத பிள்ளை

“எங்க புள்ள சத்தமே போடமாட்டான் சிஸ்டர்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு மாதக் குழந்தை ஏன் சத்தம் போடாமல் இருக்க வேண்டும்? அது என்ன பரீட்சை ஹாலிலா உட்கார்ந்திருக்கிறது?

கம்பெனிகள் நிறைந்த மூக்கண்டப்பள்ளியில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் நான். அங்கே லைன் வீடுகள்தான் அதிகம். ஒரு நீள வராந்தா, அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், மாடியில் ஓனர். அப்படி ஓர் அறையில்தான் அந்த எட்டு மாதப் பிள்ளை இருந்தான். பெற்றோர் சிவகங்கைப் பக்கம். அம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட், அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட்.

நான் முதலில் போன பகலில் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே பாயில் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேலே கொக்கியில் சேலைத் தூளி. தூளியிலிருந்து இறங்கிய கயிறு அவருடைய கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. பிள்ளை சிணுங்கினால் தூக்கத்திலேயே கால் ஆடும், தூளியும் ஆடும். ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் போகிற பல வீடுகளில் இந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையைத் தூக்கினேன். எடை பரவாயில்லை. முகம் பார்க்கிறான், சிரிக்கிறான். ஆனால் உட்கார வைத்தால் துணி மூட்டை மாதிரி சரிகிறான். குப்புறப் போட்டால் தலையைத் தூக்கத் தெரியாமல் மூக்கைப் பாயில் தேய்க்கிறான். படுத்தே கிடந்து பின்னந்தலை தட்டையாகியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“நீங்க தூங்கினா புள்ளையும் தூங்கிக்கினே இருக்கணுமா? கீழ தரையில விடவே மாட்டீங்களா?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. “எந்தத் தரையில சிஸ்டர்?”

அறையைப் பார்த்தேன். அடுப்பு, சிலிண்டர், தண்ணீர்க் குடங்கள், அவர் படுத்திருந்த பாய். மிச்சம் இருந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“பகல்ல தூங்கலேன்னா ராத்திரி மெஷின்ல கை போயிரும் சிஸ்டர். இவன் அழுதா ஓனரம்மா காலி பண்ணச் சொல்லிருவாக.”

அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? வெளியே வந்தால் ஷெட் நிழலில் ஓனரின் கார் கால் நீட்டிப் படுத்திருந்தது. காருக்கு ஷெட் இருக்கிறது. ஒரு பிள்ளை குப்புற விழ ஒரு பாய் அகலம் இடம் இல்லை.

டாக்டரிடம் அனுப்பினேன். அவர் நன்றாகச் சோதித்துவிட்டு, குறை எதுவும் தெரியவில்லை, தரையில் விட்டுப் பழக்குங்கள், மறுபடி கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். மறுநாள் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும் நானும் அவளும் வராந்தாவில் கிடந்த ஷூக்களை ஓரம் தள்ளிப் பாயை விரித்தோம். பிள்ளையைக் குப்புறப் போட்டு, கொஞ்சம் எட்டத்தில் ஒரு டம்ளரை வைத்தேன். அவன் வீறிட்டான். அம்மா தூக்கப் போனாள்.

“இரு கண்ணு. பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடு.”

அவள் தரையோடு தரையாகக் குனிந்து பேசினாள். குரல் வந்த திசைக்குத் தலை ஒரு நொடி நிமிர்ந்தது. அதற்குள் மாடிப்படியில் ஓனரம்மா. “என்னா நர்சம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி சத்தம் ஆவுது?”

“புள்ள வளருதுங்க. வளந்தா சத்தம் வரத்தான் வரும்” என்றேன்.

அம்மா ஒரு சாயங்காலமும் விடவில்லை. பக்கத்து அறைக்காரர்களும் ஷூக்களை உள்ளே எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். பிள்ளை புரண்டான், உட்கார்ந்தான். பிறகு வராந்தா முழுக்கத் தவழ்ந்து டம்ளரால் ஒவ்வொரு கதவையும் தட்டினான். அந்தச் சத்தம் எனக்குத் தெருமுனையிலேயே கேட்கும்.

அடுத்த முறை நான் போனபோது அறை பூட்டியிருந்தது. ‘பேச்சிலர்களுக்கு மட்டும்’ என்று அட்டை தொங்கியது. ஓனரம்மா மேலிருந்தே சொன்னார்: “தங்கமாட்டம் இருந்த கொழந்த. நீங்க வந்துதான் கெடுத்துட்டீங்க.”

நானும் நாலு வார்த்தை நன்றாகவே கேட்டுவிட்டேன். கேட்டு என்ன, தவழக் கற்றுக்கொண்ட குற்றத்துக்கு அந்தப் பிள்ளை வீடு மாறியாகிவிட்டது.

சில நாள் கழித்து அம்மா போன் செய்தாள். “தளி ரோட்டுப் பக்கம் ரூம் கிடைச்சிருச்சு சிஸ்டர். போற எடமெல்லாம் புள்ள அழுவானான்னுதான் கேக்குறாக. சத்தமே போடமாட்டான்னு சொல்லித்தான் வாங்குனோம்.”

எனக்குச் சட்டென்று அந்தத் தூளிக் கயிறு ஞாபகம் வந்தது. “பொய்தானேம்மா சொன்ன?”

அவள் பதில் சொல்வதற்குள் டம்ளர் ஒன்று எதன்மீதோ விடாமல் மோதும் சத்தம் கேட்டது.

“பொய்தான் சிஸ்டர்” என்றாள்.