ஜன்னலோர மேசையில் ஸ்பகெட்டி

இருபத்திரண்டு வருஷம் பேருந்தில் நடத்துநராக நின்றவளை டிப்போவில் எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எத்தனை நெரிசலிலும் அவள் ஒரு ஊது ஊதினால் போதும், படியில் தொங்குகிறவர்கள் தானாக உள்ளே போய்விடுவார்கள். பிறகு தாடையில் புற்றுநோய் வந்தது. வலப்பக்க எலும்பை வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள், ஆனால் பேச்சு குழறியது. உதட்டின் ஒரு ஓரம் மூடவே மூடாது. சாப்பிட்டால் அந்த வழியாக ஒழுகும்.

கூட இருந்த தங்கை தங்கமானவள்தான். பத்தியச் சாப்பாடு, மருந்து, எதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் தட்டை அடுக்களைக்குள் கொண்டுபோய் வைப்பாள். "உள்ள உக்காந்து சாப்பிடுக்கா. அவங்க பாத்தா உனக்குத்தானே சங்கடம்." விசிலக்கா எழுந்து உள்ளே போவாள். இப்படியே ஒன்றரை வருஷம்.

ஒரு சனிக்கிழமை மதியம் டிப்போவிலிருந்து இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி, பதினோரு வருஷம் அவளுடைய பேருந்தை ஓட்டிய டிரைவர். மற்றவன் மெக்கானிக். பிடித்ததை விடமாட்டான் என்பதால் பட்டப்பெயர் ஸ்பேனர்.

"கிளம்புக்கா. கடைத்தெருவுல இத்தாலியன் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காங்க. ஆளுக்கொரு தட்டு ஒரு கை பாத்துட்டு வரலாம்" என்றான் ஸ்பேனர். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் செருப்பைக் கழற்றி வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அந்தக் கடை முன்பு செருப்புக் கடையாக இருந்தது. செருப்பு அடுக்கிய தட்டுகளில் இப்போது பாஸ்தா டப்பாக்கள். மொத்தம் எட்டு மேசை. ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

"அக்காவுக்கு சூப் சொல்லிடலாமா?" என்றாள் டிரைவர் மெதுவாக.

"சூப் குடிக்கவா சேலை மாத்திட்டு வந்தேன்?" என்றாள் விசிலக்கா. பட்டியலில் ஸ்பகெட்டியைக் காட்டினாள்.

நூல் நூலாக, தக்காளிச் சாறு சொட்டச் சொட்ட வந்தது. முதல் வாயிலேயே பாதி மோவாயில் வழிந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த வாய் எடுத்தாள். பக்கத்து மேசைக்காரர் முகத்தைச் சுளித்து மேனேஜரை அழைத்து ஏதோ சொன்னார். மேனேஜர் பவ்வியமாக வந்து குனிந்தான்.

"மேடம், உள்ள ஒரு ரூம் இருக்கு. அங்க தனியா, வசதியா இருக்கும்."

"ஏன்?"

"இல்ல... சாப்பிடறவங்க கொஞ்சம் சங்கடப்படறாங்க."

டிரைவர் படாரென்று எழுந்தாள். "வாக்கா, போலாம். இந்தக் கடையே நமக்கு வேணாம்."

"உக்காருடி." பிறகு மேனேஜரைப் பார்த்து விசிலக்கா ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. ஸ்பேனர் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். தாடையை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, கடை முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னாள்.

"என் வாய் இப்படித்தான். நான் இங்கதான் சாப்பிடுவேன். பாக்கப் பிடிக்காதவங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காரட்டும்."

பக்கத்து மேசைக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். மேனேஜர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் விழித்தான்.

"ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் கொண்டு வாங்க" என்று தட்டை அவனிடம் நீட்டினாள். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனான்.

சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இன்னொரு முறையும் சூடுபண்ணச் சொன்னாள். நண்பர்கள் இருவரும் தங்கள் தட்டு காலியாகியும் டிப்போ வம்புகளைப் பேசியபடி உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது, "அடுத்த சனிக்கிழமை இதே மேசை. எழுதி வெச்சுக்குங்க" என்றாள். மேனேஜர் எழுதிக்கொண்டான்.

முந்தானையில் கறை திட்டுத்திட்டாக இருந்தது. இழுத்து மறைக்கவில்லை. கடைத்தெரு வழியாகவே நடந்து வீட்டுக்கு வந்தாள். தங்கை பதறிப்போனாள்.

"ஐயோ, என்னக்கா இது கோலம்! யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்க" என்றாள் விசிலக்கா. "அடுத்த வாரம் நீயும் வர்ற."