நாலு நாலு பதினாறு, மாமாவோடு பதினேழு

ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் மூன்று கோழிகள் மேய்கின்றன. மொத்தம் எத்தனை கால்?

பத்து என்று சொல்லியிருந்தால் நீங்களும் என் கட்சி. ஒன்பது வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"கட்டிலு இன்னா காத்துலயாடா நிக்குது?"

கட்டிலுக்கும் நாலு கால் உண்டு. ஆகப் பதினான்கு. அன்றைக்குப் பிடித்தது எனக்குக் கணக்குப் பைத்தியம்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். நகரியில் தறி வைத்திருந்தார். பாவு இழைகளை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க முடியாது அவருக்கு. அதுவும் ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டார். "ஒவ்வொண்ணா எண்ணிக்கினு இருந்தா சேலை எந்தக் காலத்துல முடியறது? கொத்துக் கொத்தா எண்ணணும், பெருக்கிப் போடணும்" என்பார். எங்கள் ஊர் ஆந்திராவில் இருந்ததால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தெலுங்கில். மாமா போடும் கணக்கு தமிழில். அவர் தமிழில் கேட்பதை மனசுக்குள் தெலுங்கில் பெருக்கி, விடையைத் தமிழில் சொல்வேன். இரண்டு மொழிக்கும் விடை ஒன்றாகவே வருவது அந்த வயதில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

என் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காய்ச்சலில் ரொம்பவும் மோசமாகிப் பிழைத்தான். அப்போது அம்மா திருமலைக்கு நேர்ந்துகொண்ட முடியை அவனுடைய மூன்றாவது வயதில் இறக்கப் போனோம். வடமாலபேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம். மாமா எங்களை நாலு நாலு பேராக நாலு வரிசை நிற்க வைத்தார்.

"நாலு நாலு பதினாறு. நான் ஒருத்தன். பதினேழு!"

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பிள்ளைகளை எண்ணுவது அவளுக்கு ஆகவே ஆகாது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால்கூட, "இருக்குதுங்க, சாமி புண்ணியத்துல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

"புள்ளைங்கள எண்ணாதண்ணா. எத்தினி தடவை சொல்றது?"

"புள்ளைங்கள எவன் எண்றான்? நான் வரிசையை இல்ல எண்றேன்" என்றார் மாமா.

பஸ்ஸில் போகும்போதும் அவர் சும்மா வரவில்லை. "பதினேழு பேருல மொட்டை ஒம்பது. மொட்டைக்குக் குளிக்க மூணு சொம்பு தண்ணி, மத்தவங்களுக்கு ஒரு சொம்பு. மொத்தம் எத்தினி சொம்பு?"

ஒன்பது மூன்று இருபத்தேழு, மிச்சம் எட்டுப் பேர். நான் "முப்பத்தஞ்சு" என்று கத்தினேன். என் அக்கா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, "மாமா, முடி இருக்கிறவங்களுக்குத்தான் தண்ணி ஜாஸ்தி வேணும். நீ ஒரு நாள் இந்தத் தலையோட குளிச்சுப் பாரு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். பச்சை மைப் பேனா. எங்கள் பள்ளிக்கூடத்தில் பச்சை மையில் எழுதுகிறவர் ஹெட்மாஸ்டர் ஒருவர்தான்.

"இப்ப ஒண்ணு போடறேன். மலையை வுட்டு இறங்கறதுக்குள்ள விடை சொன்னவனுக்கு இந்தப் பேனா. ஒரு கூடையில மாங்கா இருக்குது. ரெண்டு ரெண்டா எடுத்தா ஒண்ணு மிச்சம். மூணு மூணா எடுத்தாலும் ஒண்ணு மிச்சம். நாலு நாலா எடுத்தாலும் ஒண்ணு மிச்சம். அஞ்சு அஞ்சா எடுத்தா மட்டும் மிச்சமே இல்ல. கூடையில எத்தினி மாங்கா?"

அதற்கப்புறம் மலைப்பாதையின் வளைவுகளையோ கீழே பள்ளத்தையோ நான் பார்க்கவே இல்லை. கண் முன்னால் ஒரு கூடை மாங்காய். பக்கத்தில் ஒரு பச்சைப் பேனா.

மேலே போனதும் முடி இறக்கினார்கள். நைனா, மாமா, நான், எங்கள் தம்பி, இன்னும் ஐந்து பேர். தம்பி ஊரைக் கூட்டினான். அழுது அழுது அவன் முகமே வீங்கிப்போனது. குளிப்பாட்டி, மஞ்சள் துண்டு கட்டி, தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டாள் அம்மா. பிறகு பெண்கள் எல்லோரும் குளிக்கப் புறப்பட்டார்கள். போகும்போது அம்மா தம்பியின் கையை என் இடது கையில் வைத்தாள்.

"கைய வுடாதே. இன்னா ஆனாலும் வுடாதே."

நான் விடவில்லை. ரொம்ப நேரம் விடவில்லை.

சுற்றிலும் எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். நான் நின்ற இடத்திலேயே வலது கையின் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு விரல், விரலுக்கு மூன்று கணு, ஒரு கைக்குப் பன்னிரண்டு. மூன்று மூன்றாகவும் நாலு நாலாகவும் சரியாக எடுக்க வருவது பன்னிரண்டுதான். மிச்சத்துக்கு ஒன்று சேர்த்தால் பதின்மூன்று. ஆனால் பதின்மூன்றை ஐந்து ஐந்தாக எடுத்தால் மூன்று நிற்கிறது. சரி, இன்னொரு பன்னிரண்டு போட்டுப் பார்க்கலாம். அதற்குக் கை வேண்டுமே?

இடது கையை உருவிக்கொண்டேன். பன்னிரண்டு கணு எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே எண்ணிப் பாருங்கள். அவ்வளவு நேரம்தான். இரண்டு கையும் சேர்ந்து இருபத்து நாலு. ஒன்று சேர்த்தால் இருபத்தைந்து. ஐந்து ஐந்து இருபத்தைந்து, மிச்சமே இல்லை!

"மாமா! இருபத்தஞ்சு!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் துழாவி, சின்னக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமா என் மொட்டையில் தட்டிக்கொடுத்தார். பேனா என் கைக்கு வந்தது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். பச்சை. அதற்குள் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மாமா மறுபடியும் வரிசை கட்டினார். முன்வரிசையில் பெண்கள், கடைசி வரிசையில் பொடிப்பிள்ளைகள்.

"நாலு நாலு பதினாறு, நான் ஒருத்தன், பதினேழு. கணக்கு சரி. கெளம்பு, கெளம்பு!"

பத்து அடி போயிருப்போம். அம்மா திரும்பி வந்து, "அழுதுட்டியாடா கண்ணு" என்று தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"இது எம் புள்ள இல்ல."

"இன்னாம்மா சொல்றே? கணக்கு சரியா இருக்குதே! பதினேழு!" என்றார் மாமா.

"ஒன் கணக்கத் தூக்கி அடுப்புல போடு. எம் புள்ள எங்க?"

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதே உயரம், அதே சந்தனம், அதே மஞ்சள் துண்டு. முகம் மட்டும் வேறு. நைனா "உன் பேர் இன்னாடா?" என்று கேட்டார். பையனுக்குத் தமிழ் புரியவில்லை. நான் தெலுங்கில் கேட்டேன். "சின்னோடு" என்றான், சின்னவனாம். அப்பா பெயர் கேட்டதற்கு "நானா" என்றான், அதாவது அப்பா. அவ்வளவுதான் அவனுடைய விலாசம்.

அம்மா என்னைப் பார்த்தாள். "கைய வுட்டியா?"

"இல்லம்மா. புடிச்சுக்கினுதான் இருந்தேன்" என்றேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளங்கையில் பச்சைக் கோட்டை மூடி விரல்களை மடக்கிக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரு திசையாக ஓடினார்கள். "புள்ளையைக் காணோம்னு எவன் அழுதுக்கினு நிக்கிறானோ அவன்கிட்டதான் நம்ம புள்ள இருக்கும். அழறவங்களப் பாருங்க!" என்று மாமா சத்தம் போட்டார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். அழுதுகொண்டு யாரும் இல்லை. நைனா வேட்டியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பையனைப் போலீஸ்காரரிடம் விட்டுவிட்டுத் தேடலாம் என்று யாரோ சொன்னதற்கு அம்மா இறக்கிவிட மாட்டேன் என்றாள். "இதையும் வுட்டுட்டு நான் எதைப் புடிச்சுக்கினு தேடறது?"

அந்த நேரத்திலும் என் பாழாய்ப்போன மூளை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

"மாமா, நமக்குக் கணக்கு சரியா வந்துச்சு இல்ல?"

"அதான்டா எனக்கும் புரியல."

"அப்ப அவங்களுக்கும் சரியா வந்திருக்கும். அவங்க அழ மாட்டாங்க. தேடவும் மாட்டாங்க."

உடனே மாமா, "ஏய், அழாதவங்களப் பாருங்க! சிரிச்சுக்கினு, துன்னுக்கினு இருக்கிறவங்களப் பாருங்க!" என்று கூவிக்கொண்டு ஓடினார்.

ஒரு கல் மண்டபத்தின் நிழலில் ஒரு தெலுங்குக் குடும்பத்து ஆண்கள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெரியவர். அவர் மடியில், கன்னம் இரண்டும் உப்பியிருக்க, எங்கள் தம்பி. அழுகையாவது ஒன்றாவது! வீட்டில் அப்படி ஒரு நாளும் சாப்பிட்டவன் இல்லை.

பெரியவர் நிமிர்ந்து அம்மாவின் இடுப்பைப் பார்த்தார். குனிந்து தன் மடியைப் பார்த்தார். மறுபடியும் நிமிர்ந்தார். கையிலிருந்த உருண்டை கீழே விழுந்தது. "மாவாடு அக்கட உன்னாடே!" என்றார். நம்ம பையன் அங்கே இருக்கிறானே என்று அர்த்தம். பக்கத்திலிருந்த அவருடைய சின்னப் பேத்தி எங்களைக் காட்டிக் காட்டிச் சிரித்தது.

அவர்கள் வீட்டுப் பெண்கள் அப்போதுதான் ஈரத்தலையோடு வந்தார்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கு நடந்தது புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் ஓடிவந்து பையனை வாங்கினாள். பையன் என் அம்மாவின் தாலிக்கயிற்றை இறுக்கப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதான். எங்கள் தம்பியும் புளியோதரையை விட்டு வரமாட்டேன் என்று அழுதான். அன்றைக்கு அழுதவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. இரண்டு அம்மாக்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தியா, ரெண்டு பக்கமும் கணக்கு சரியாத்தான் இருந்திருக்குது" என்று ஆரம்பித்த மாமா, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாமி பார்த்துவிட்டு மலையை விட்டு இறங்கினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, அவள் மடியில் தூங்கும் தம்பி, பக்கத்தில் அக்கா. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு ஓரத்தில் நான். மாமா முன் சீட்டில். என் சட்டைப் பையில் பேனா. அது கசிந்து சட்டையில் பச்சை வட்டம் ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பாதி மலை இறங்குவதற்குள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, நான் கைய வுட்டுட்டேன். கணக்குக்கு ரெண்டாவது கையும் வேண்டியிருந்துச்சு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, பிள்ளைகளை எண்ணவே கூடாது என்ற அம்மா எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மாமா மாதிரிப் பெருக்கவில்லை. ஒவ்வொருவராகத் தொட்டு, மெதுவாக.

அக்காவின் பின்னலைத் தொட்டு, "ஒண்ணு" என்றாள். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஒரு தலையைத் தடவுகிற மாதிரி வைத்தாள். "ரெண்டு." என் மொட்டை "மூணு." மடியில் தூங்கியவன் "நாலு."

எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பும்மா! நாங்க மூணு பேருதான். நீ சீட்டையும் சேத்து எண்ணிட்டே! மாமா, பாரு மாமா, அம்மா கட்டிலையும் எண்ணுது!"

தப்புக் கணக்கு காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்து திருத்துகிறவர் மாமா. அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் சீட்டில் நைனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். சரியான விடை சொன்னதற்கு ஏன் கிள்ளினாள் என்று வீடு வந்து சேரும்வரை அவளோடு சண்டை போட்டேன்.

அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. எனக்கு ஒன்பது. மூன்றாலும் நாலாலும் ஐந்தாலும் அத்தனை மாங்காயை எண்ணியவன், பதினாலில் ஒன்பதைக் கழித்துப் பார்த்ததில்லை. அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் வீட்டில் யார் வந்து போனார்கள் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.