கரையில் இறங்கிய மாலுமி

அந்தக் கடைக்கு முடிவெட்டப் போகிறவர்கள் தலையைக் கொடுத்தால் காதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்குக் கப்பல் பைத்தியம். அதிலும் புகை கக்குகிற இயந்திரக் கப்பல் இல்லை. வானத்தைத் தொடுகிற மாதிரி மூன்று மரம் நட்டு, பாய்களை விரித்து, காற்றைப் பிடித்துக்கொண்டு போகிற பழங்காலப் பாய்மரக் கப்பல். கண்ணாடிக்கு மேலே சுவர் தெரியாதபடி அவற்றின் படங்கள். நுரை பூசிய கன்னத்தில் கத்தியை நிறுத்திவிட்டு, "இப்ப காத்து இந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு வைங்க" என்று அவர் ஆரம்பித்தால், உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடாமல் கேட்பார். கழுத்தில் கத்தி இருக்கும்போது வேறு என்ன செய்வது?

தெருவில் அவருக்கு மாலுமி என்று பெயர். முதலில் கிண்டலுக்கு வைத்ததுதான். நாளாக ஆக அதுவே நிலைத்துவிட்டது. கடற்கரையில் நின்று காலை நனைத்துக்கொண்டதைத் தவிர மாலுமிக்கும் கடலுக்கும் வேறு உறவு இல்லை என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். அவரும்தான்.

அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. நீராவியும் மருந்து நெடியும் கலந்த கூடம் அது. இயந்திரத்திலிருந்து நனைந்த படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக இழுத்துப்போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழிந்து உதற வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவளுக்குத் தோள்பட்டை விண்ணென்று தெறிக்கும். கணவர் படம் காட்டிப் பேசும்போது, "உலகத்துல இருக்கிற கப்பலெல்லாம் உங்க வாயிலதான் ஓடுது" என்பாள். அதில் கோபம் இருக்காது. கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள்.

அந்த வருஷம் மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கரையோரமாக ஊர் ஊராக நின்று போகிற உல்லாசப் பயணத்துக்கு, நிஜமான மூன்று மரப் பாய்க்கப்பலில் அப்பா அம்மா இருவருக்கும் இடம் பிடித்துவிட்டார்கள். பயணிகளும் கயிறு இழுக்கலாம், சுக்கான் பிடிக்கலாம் என்று மகள் போனில் சொன்னாள். மாலுமி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். பாதி வெட்டிய தலையோடு ஒருவர் உள்ளே காத்திருந்தார்.

தெருவே வழியனுப்பியது. "வந்து கதை சொல்லணும் மாலுமி" என்றார் எதிர்க்கடை மருந்துக்கடைக்காரர். "இவ்வளவு நாள் கேட்டதெல்லாம் முன்னுரைதான். இனிமேதான் புஸ்தகமே."

துறைமுகத்தில் கப்பல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. தார் பூசிய கயிறும் பழைய மரமும் சேர்ந்த வாசனை. மாலுமி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு மனைவிக்குப் பெயர் சொன்னார். பக்கத்தில் நின்ற கப்பல் பணிப்பெண், "நீங்க இதுக்கு முன்னாடி கப்பல்ல வேலை பார்த்தவரா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கயிற்றைத் தொட்டார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல பொழுது வந்ததில்லை. கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும் வரை அது நீடித்தது.

வெளிக்கடலில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து, மறுபடி சாய்ந்தது. முதல் சாய்வுக்குக் கைப்பிடியைப் பிடித்தார். அடுத்ததற்குக் கண்ணை மூடினார். அதற்கு மேல் தாங்கவில்லை. குடலே வாய் வழியாக வந்துவிடும் போலிருந்தது. அவர் ஆசை ஆசையாகப் பெயர் சொன்ன கயிறுகளின் மேலேயே வாந்தி எடுத்தார். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக் கீழே அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

அறை என்றால் ஒரு அலமாரி அளவுதான். முகத்துக்கு நேர் மேலே பலகை. பலகைக்கு மேலே மேல்தளம். மாத்திரை கொடுத்தார்கள், அதுவும் நிற்கவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாளியைப் பிடித்தாள், முகம் துடைத்தாள், நெற்றியை அமுக்கினாள். மறுநாள் காலை மேலிருந்து ஒரு குரல் வந்தது: "பாய் ஏத்தணும், ஆள் போதல, யாராச்சும் வர்றீங்களா?"

"போயிட்டு வா. நான் கண்ண மூடிப் படுத்திருக்கேன்" என்றார் மாலுமி.

"ஒரு கை கொடுத்துட்டு வந்துடுறேங்க."

அவள் வரவில்லை. மேலே காலடிகள் திடுதிடுவென்று ஓடின. எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்துக் கயிறு இழுக்கிற சத்தம், பாய் படீரென்று விரிகிற சத்தம். அதன் பிறகு ஒரு சிரிப்பு. யாரோ இளம்பெண் சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். இன்னொரு முறை கேட்டபோதுதான் அது தன் மனைவி என்று புரிந்தது. அத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை.

வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் வெயிலில் சிவந்து, முடியெல்லாம் கலைந்திருந்தது.

"என்னங்க, அந்தப் பாய் இருக்குதே, நனைஞ்ச விரிப்பு மாதிரியேதான். கையால இழுத்தா வராது, உடம்போட கனத்தப் போட்டு இழுக்கணும். எனக்குத் தெரியாதா? கேப்டனே பார்த்துட்டு நின்னாரு!" சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

அன்று முழுவதும் அப்படித்தான். அவள் வருவாள், வாளியைக் கழுவி வைப்பாள், கதவருகே நின்று மேலே காது கொடுப்பாள். "நீ போ" என்று இவர் சொல்லும் வரை நிற்பாள். சொன்னதும் படியேறுகிற வேகம் மட்டும் அவளால் மறைக்க முடியாததாக இருந்தது.

கப்பல் ஒரு சின்ன ஊரில் நங்கூரம் போட்டபோது கேப்டன் வந்து கட்டிலருகே குனிந்தார். "ஐயா, இதுக்கு மேல காத்து இன்னும் பலமா இருக்கும். உங்க உடம்புல தண்ணியே இல்ல. இங்க இறங்கிக்கிறது நல்லது. பஸ் இருக்கு."

கேப்டன் போன பிறகு மாலுமி மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: "நான் இறங்கிக்கிறேன். நீ வேணா இருந்து முடிச்சுட்டு வா."

பேச்சுக்குச் சொன்னதுதான். 'உங்கள விட்டுட்டு நான் மட்டும் எதுக்குங்க' என்ற பதிலுக்கு அவர் காத்திருந்தார். அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"தனியா போயிடுவீங்களா?" என்றாள்.

"போயிடுவேன்."

"போனதும் கஞ்சி மாதிரி ஏதாவது வச்சுக் குடிங்க."

படகில் அவரைக் கரை சேர்த்தார்கள். கால் தரையில் பட்டதும் உடம்பு தேறிவிட்டது. அதுதான் அவமானமாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. கயிற்றைப் பிடித்து இழுக்கிற வரிசையில் நீலப் புடவை தெரிந்தது. அவர் கையை உயர்த்தினார். அவள் வேலையில் மும்முரமாக இருந்தாள், கரைப்பக்கம் பார்க்கவில்லை.

ராத்திரி தெரு அடங்கிய பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பாதியில் இறங்கி வந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு தெருவில் சொல்வது? பயணம் முடிகிற நாள் வரை சொந்த வீட்டிலேயே திருடனைப்போல் ஒளிந்திருந்தார். ஜன்னலைத் திறக்கவில்லை. பாத்திரம் உருட்டவில்லை. பகலில் பக்கத்து வீட்டுக்காரி செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது அடுப்படித் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே அவள் யாரிடமோ, "மாலுமி இப்ப எந்தக் கடல்ல இருக்காரோ" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

மனைவி வந்தாள். கறுத்திருந்தாள், உள்ளங்கை காய்த்திருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் கொட்ட ஆரம்பித்தாள். திமிங்கலமோ என்று பயந்து பார்த்தால் அது மேகத்தின் நிழலாம். கேப்டன் சுக்கான் சக்கரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாராம். பெரிய மரத்தில் பாதி உயரம் ஏறிவிட்டாளாம். "மேல இருந்து பார்த்தா, பாக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லங்க. வெறும் தண்ணிதான். ஆனா அழுகை வந்துடுச்சு. எதுக்குன்னே தெரியல." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

கடை திறந்த அன்று உட்கார இடமில்லாத கூட்டம். மருந்துக்கடைக்காரர் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். "சொல்லு மாலுமி!" மாலுமி கத்தரிக்கோலை எடுத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"கேப்டன் சக்கரத்த என் கையில கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு" என்றார்.

அதன் பிறகு நிற்கவில்லை. மேகத்தின் நிழல் வந்தது, பாயின் கனம் வந்தது. நாள்தோறும் சொன்னார், சொல்லச் சொல்ல மெருகேறியது. ஒருநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மனைவி கடைக்கு வந்தாள். உள்ளே அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"பெரிய மரத்துல பாதிக்கு மேல ஏறிட்டேன். கீழ பார்த்தா வெறும் தண்ணி. ஒண்ணுமே இல்ல. ஆனா எனக்கு அழுகை வந்துடுச்சுங்க. எதுக்குன்னே தெரியல."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். அவள் பாத்திரத்தை பெஞ்சில் வைத்தாள். "அம்மா நீங்களும் ஏறுனீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"நானா?" என்றாள். "நான் எங்கங்க. எனக்கு வாந்தி மயக்கம். கீழயே படுத்துக் கிடந்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவர் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனார். சண்டை போடுவாள் என்று நினைத்தார், போட்டிருந்தால் பிழைத்திருப்பார். அவள் எப்போதும்போல் சோறு போட்டாள், துணி மடித்தாள். அதன் பிறகு கப்பலைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சில நாள் கழித்து, பொறுக்க முடியாமல் அவரே கேட்டார்: "அந்த மேகத்தோட நிழலப் பார்த்தியே, அது சாயங்காலமா, காலையிலயா?"

"மறந்துட்டேங்க" என்றாள்.

கடையிலும் அவர் பேச்சை நிறுத்தினார். நன்றாகச் சொன்ன கதைகளெல்லாம் இப்போது வாயில் வாந்தியாகக் கசந்தன. தலையைக் கொடுத்தவர்கள் காதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மாலுமிக்கு வயசாயிடுச்சு என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் மகள் போன் செய்தாள். கப்பலில் அம்மாவை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்களாம், மறுபடி வருகிறார்களா என்று கேட்கிறார்களாம். வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி கையை வேண்டாம் என்று ஆட்டினாள். மாலுமி போனைப் பொத்திக்கொண்டு, "போயிட்டு வாம்மா. நான் கேட்டுக்குறேன், நீ போ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "போனா வரணும்ல. வந்தா யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கும். யார்கிட்ட சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்பவளைப்போல, உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. போனில் மகள், "அப்பா? அப்பா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள்.